மாசக் கணக்கு எழுதியே ஹாஸ்கெல் கற்கலாம்... எப்படி?

மாதம் பிறந்ததும் சம்பளம் வருகிறது. வாடகை, இஎம்ஐ, ஊருக்கு அனுப்பும் பணம் என்று முதல் வாரத்திலேயே பாதி கரைந்துவிடுகிறது. மீதியை டீக்கடை, ஆட்டோ, மளிகை, ராத்திரி 11 மணி பிரியாணி என்று ஸ்கேன் பண்ணிப் பண்ணியே காலி செய்கிறோம். 20-ம் தேதி வாக்கில் பேலன்ஸைப் பார்த்தால் மனசுக்குள் ஒரே கேள்விதான்: ‘அவ்வளவும் எங்கே போச்சு?’

ஐடி துறையில் இருப்பவர்களுக்கு இதோடு இன்னொரு தலைவலியும் உண்டு. ‘இந்த வருஷமாவது ஃபங்ஷனல் புரோகிராமிங் கத்துக்கணும்’ என்று ஒவ்வொரு ஜனவரியிலும் முடிவெடுப்பார்கள். ஹாஸ்கெல் மொழிக்கான வீடியோ தொடர் ஒன்றைத் திறப்பார்கள். நாலாவது பாகத்தில் ‘மோனாட்’ என்ற சொல் வரும். அத்தோடு லேப்டாப்பை மூடிவிடுவார்கள்.

இரண்டு பிரச்சினைக்கும் சேர்த்து ஒரே மருந்து இருக்கிறது. உங்கள் வங்கிக் கணக்கு அறிக்கையைப் படித்து, எதற்கு எவ்வளவு செலவானது என்று சொல்லும் ஒரு சின்ன புரோகிராமை ஹாஸ்கெல்லில் நீங்களே எழுதுங்கள். ஆறு வார இறுதிகள் ஒதுக்கினால் போதும். ஆரம்பப் பாடப் புத்தகங்கள் சொல்லித்தரும் முக்கியமான யோசனைகள் எல்லாம் வழியிலேயே வந்து சேரும். எப்படி என்று பார்ப்போம்.

ஃபங்ஷனல் புரோகிராமிங் என்றால் என்ன?

நீங்கள் எக்செல் பயன்படுத்தியிருந்தால் ஏற்கெனவே ஃபங்ஷனல் புரோகிராமிங் செய்திருக்கிறீர்கள். ஒரு கட்டத்தில் ‘மேலே உள்ள ஒன்பது கட்டங்களின் கூட்டுத்தொகை’ என்று சூத்திரம் எழுதுகிறீர்கள். முதலில் பூஜ்யம் வை, பிறகு ஒவ்வொன்றாக எடு, கூட்டு என்று படிப்படியாகக் கட்டளை போடுவதில்லை. என்ன வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறீர்கள். அந்தச் சூத்திரம் மேலே இருக்கும் எண்களை மாற்றுவதும் இல்லை.

இந்த ஒப்பீட்டுக்குப் பின்னால் ஒரு கதையும் இருக்கிறது. ஹாஸ்கெல்லை உருவாக்கியவர்களில் ஒருவரான சைமன் பெய்ட்டன் ஜோன்ஸ், மைக்ரோசாஃப்ட்டின் ஆய்வுப் பிரிவில் பல ஆண்டுகள் எக்செல் சூத்திரங்கள் பற்றியும் ஆராய்ந்தவர். பயனர்கள் தங்கள் சொந்த ஃபங்ஷனைச் சூத்திரமாகவே எழுத உதவும் ‘லாம்டா’ வசதி 2020 டிசம்பரில் எக்செல்லுக்கு வந்தது. 1930-களில் அலோன்சோ சர்ச் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் உருவாக்கிய ‘லாம்டா கால்குலஸ்’தான் அந்தப் பெயருக்கு மூலம். ஃபங்ஷனல் மொழிகள் எல்லாவற்றுக்கும் அதுவே பாட்டன்.

இந்தப் பாணிக்கு இரண்டு அடிப்படை விதிகள் உண்டு.

ஒன்று, ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை. 2-ஐயும் 3-ஐயும் கூட்டினால் திங்கள்கிழமையும் 5, வெள்ளிக்கிழமையும் 5. இப்படிப்பட்ட ஃபங்ஷனுக்கு ‘தூய ஃபங்ஷன்’ என்று பெயர்.

இரண்டு, எழுதியதை அழிப்பதில்லை. பழைய கணக்குப்பிள்ளைகளின் பேரேட்டை நினைத்துப் பாருங்கள். தப்பாக ஒரு தொகை விழுந்துவிட்டால் அதை அடித்து எழுத மாட்டார்கள். அதைச் சரிக்கட்ட, கீழே புதிதாக ஒரு பதிவு போடுவார்கள். யார் எப்போது எடுத்துப் பார்த்தாலும் கணக்கு எப்படி வந்தது என்று தெரியும். ஹாஸ்கெல்லிலும் அப்படித்தான். ஒரு பெயருக்கு ஒரு மதிப்பைக் கொடுத்துவிட்டால், பிறகு அதை மாற்ற முடியாது. புது மதிப்பு வேண்டுமா? புதுப் பெயர் வையுங்கள்.

அமெரிக்காவின் போர்ட்லேண்டில் 1987-ல் நடந்த ஒரு மாநாட்டில், ஆளுக்கொரு ஃபங்ஷனல் மொழி வைத்திருந்த ஆய்வாளர்கள் கூடி, பொதுவாக ஒன்றை உருவாக்கலாம் என்று முடிவெடுத்தார்கள். 1990-ல் முதல் வடிவம் வந்தது. தர்க்கவியலாளர் ஹாஸ்கெல் கறியின் நினைவாகப் பெயர் வைத்தார்கள். (ஆமாம், அவருடைய குடும்பப் பெயர் கறிதான். நம் ஊர்க் குழம்போடு எந்தச் சம்பந்தமும் இல்லை.)

தேவைக்காக எழுதிக் கற்றவர்கள்

சொந்தமாக ஒன்றைக் கட்டியே ஹாஸ்கெல் பழகுவது புது யோசனை ஒன்றும் இல்லை. அந்த மொழியின் புகழ்பெற்ற கருவிகள் சில அப்படிப் பிறந்தவையே.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியராக இருப்பவர் ஜான் மெக்ஃபார்லேன். கணினித் துறைக்காரர் இல்லை. ஒரு வடிவத்தில் எழுதிய ஆவணத்தை இன்னொரு வடிவத்துக்கு மாற்றும் ‘பேன்டாக்’ என்ற கருவியை 2006-ல் ஹாஸ்கெல்லில் எழுதி வெளியிட்டார். மொழியைப் பழகுவதற்காகத் தொடங்கிய வேலை அது. இன்று ஆய்வு மாணவர்கள் முதல் புத்தகம் போடுபவர்கள் வரை உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள்.

தைவானின் டிஜிட்டல் துறை அமைச்சராக இருந்த ஆட்ரி டாங் இன்னொரு உதாரணம். டைப்புகள் பற்றிய ஒரு பாடநூலைப் படித்துக்கொண்டிருந்தபோது, பயிற்சிக்காக 2005 பிப்ரவரியில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். பெர்ல் 6 என்ற அப்போதைய புது மொழியை ஹாஸ்கெல்லில் இயங்கவைக்கும் ‘பக்ஸ்’தான் அது.

நம் விஷயத்துக்கு நெருக்கமானது ‘ஹெச்லெட்ஜர்’. வரவு செலவை வெறும் டெக்ஸ்ட் ஃபைலில் எழுதிவைத்தால் கணக்குப் போட்டுக் காட்டும் கருவி இது. ஜான் வீக்லி என்பவர் சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதிய ‘லெட்ஜர்’தான் இதற்கு முன்னோடி. அதே யோசனையை 2007-ல் சைமன் மைக்கேல் ஹாஸ்கெல்லில் எழுதத் தொடங்கினார். இன்றும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

மூவருக்கும் பொதுவாக ஒன்று உண்டு. கையில் ஒரு வேலை இருந்தது. அந்த வேலைக்கு எது தேவையோ அதை மட்டும் அந்தந்த நேரத்தில் படித்துக்கொண்டார்கள்.

வங்கி அறிக்கையை ஏன் எடுக்க வேண்டும்?

பயிற்சித் திட்டம் என்றாலே ‘டூ-டூ லிஸ்ட்’, கால்குலேட்டர் என்று எழுதுவோம். இரண்டு நாளில் அலுத்துவிடும், ஏனென்றால் அது நமக்குத் தேவைப்படுவதில்லை. நம்முடைய பணம் என்றால் கதை வேறு. தொகை ஒரு ரூபாய் உதைத்தாலும் தூக்கம் வராது.

இன்னொரு காரணம் இதைவிட முக்கியம். வங்கி அறிக்கையில் கேள்வியோடு விடையும் சேர்ந்தே வருகிறது. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ‘இருப்பு’ என்று ஒரு கட்டம் இருக்கும். உங்கள் புரோகிராம் போடும் கணக்கும் வங்கி போட்ட கணக்கும் ஒத்துப்போகின்றனவா என்று உடனே பார்த்துவிடலாம். சம்பளம் வாங்காத வாத்தியார் ஒருவர் ஒவ்வொரு வரியையும் திருத்தித் தருவதுபோல.

முதல் வாரம்: கருவிகள்

போனில் இது சரிப்படாது. லேப்டாப் வேண்டும். ‘ஜிஹெச்சி-அப்’ என்ற நிறுவியை இறக்கினால் கம்பைலர், பொட்டலங்களைக் கையாளும் ‘கபால்’, எடிட்டருக்கான உதவியாளர் எல்லாம் அதன் வழியே வந்துவிடும். சில ஜிபி இடமும் கொஞ்சம் பொறுமையும் தேவை. விஎஸ் கோட் எடிட்டரில் ஹாஸ்கெல் நீட்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு நெட் பேங்கிங்கில் போய் ஒரே ஒரு மாத அறிக்கையை சிஎஸ்வி வடிவத்தில் இறக்குங்கள். சில வங்கிகள் எக்செல் ஃபைலாகத் தரும். அதை சிஎஸ்வி-யாகச் சேமித்துக்கொள்ளலாம். பிடிஎஃப் வேண்டாம். அதிலிருந்து எண்ணைப் பிரித்தெடுப்பது தனி அக்கப்போர்.

முதலில் முழு மாதத்தையும் தொட வேண்டாம். ஐந்து வரி போதும். உதாரணத்துக்கு, தொடக்க இருப்பு ரூ.3,200 என்று வைத்துக்கொள்வோம்.

1-ம் தேதி: சம்பளம், வரவு ரூ.45,000
2-ம் தேதி: வாடகை, பற்று ரூ.11,000
3-ம் தேதி: மளிகை, பற்று ரூ.2,350
4-ம் தேதி: டீக்கடை, பற்று ரூ.20
5-ம் தேதி: ஊருக்கு, பற்று ரூ.8,000

கடைசி இருப்பு ரூ.26,830. இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வாரம்: டைப் எழுதுங்கள்

மற்ற மொழிகளில் உடனே ஃபைலைத் திறந்து லூப் போட ஆரம்பித்துவிடுவோம். ஹாஸ்கெல்லில் முதலில் கேட்க வேண்டியது: ‘ஒரு பரிவர்த்தனை என்றால் என்ன?’ அதற்கான பதிலே டைப்.

ஒரு தேதி, ஒரு விவரம், ஒரு தொகை, வங்கி சொல்லும் இருப்பு. தொகை ‘வரவு’ ஆகவோ ‘பற்று’ ஆகவோ மட்டும்தான் இருக்க முடியும். அறிக்கையில் வரவுக்கும் பற்றுக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருக்கும்; ஒன்று நிரம்பியிருந்தால் மற்றொன்று காலியாக இருக்கும். அதை அப்படியே காப்பியடித்து இரண்டு கட்டங்கள் வைத்தால், இரண்டிலும் தொகை இருக்கும் ஒரு விசித்திரமான வரியைத் தெரியாமல் உருவாக்கிவிடலாம். ‘வரவு அல்லது பற்று’ என்று டைப்பிலேயே சொல்லிவிட்டால் அப்படியொரு வரி உங்கள் புரோகிராமுக்குள் இருக்கவே முடியாது. கம்பைலர் விடாது.

தொகையை ரூபாயில், புள்ளி வைத்த எண்ணாக வைக்காதீர்கள். பைசாவில், முழு எண்ணாக வையுங்கள். கணினிகளின் வழக்கமான தசம எண் முறையில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.3 வராது, 0.30000000000000004 வரும். டீக்கடை ரூ.20 என்பது 2,000 பைசா. முழு எண்ணில் கூட்டினால் ஒரு பைசாகூட நழுவாது.

செலவு வகைகளுக்கும் இப்படியே ஒரு டைப்: வாடகை, மளிகை, வெளிச்சாப்பாடு, பயணம், ஊருக்கு, மற்றவை. மூன்று வாரம் கழித்து ‘மருத்துவம்’ என்று ஒன்றைச் சேர்க்கிறீர்கள் என்று வையுங்கள். கம்பைலரின் எச்சரிக்கைகளை இயக்கி வைத்திருந்தால், வகைகளைப் பிரித்துப் பார்க்கும் ஒவ்வொரு இடத்தையும் காட்டி, ‘இங்கே மருத்துவத்துக்கு என்ன செய்வது என்று நீ சொல்லவில்லையே’ என்று கேட்கும். நாம் மறந்தாலும் அது மறக்காது.

மூன்றாவது வாரம்: வரியைப் படிப்பது

இப்போது சிஎஸ்வி வரியைப் பரிவர்த்தனையாக மாற்ற வேண்டும். ‘கமா வருகிற இடத்தில் வெட்டினால் போச்சு’ என்று தோன்றும். நம் ஊர் எண் முறை அங்கே காலை வாரிவிடும். 1,25,000.00 என்று மேற்கோள் குறிக்குள் ஒரு தொகை இருந்தால், அதை மூன்று துண்டாக வெட்டிவிடுவீர்கள். இதற்கென்றே ஒரு நூலகம் இருக்கிறது. பெயர் ‘கசாவா’. மரவள்ளிக்கிழங்கேதான்! கட்டங்களைச் சரியாகப் பிரித்துத் தரும். தொகைக்குள் இருக்கும் கமாவை நீக்கிப் பைசாவாக மாற்றும் ஃபங்ஷன் உங்கள் வேலை.

தேதி தப்பாக இருந்தால்? தொகைக் கட்டத்தில் கோடு மட்டும் இருந்தால்? பல மொழிகளில் ‘நல்’ என்ற வெற்று மதிப்பு வரும், அது எங்கோ போய் வெடிக்கும். 1965-ல் அதை அறிமுகப்படுத்திய டோனி ஹோரே, பல ஆண்டுகள் கழித்து 2009-ல் ஒரு மேடையில், அது நூறு கோடி டாலர் தவறு என்று தானே சொன்னார். ஹாஸ்கெல்லில் வரியைப் படிக்கும் ஃபங்ஷனின் டைப்பே ‘ஒரு பிழைச் செய்தி அல்லது ஒரு பரிவர்த்தனை’ என்று இருக்கும். பிழை வந்தால் என்ன செய்வது என்று முடிவெடுக்காமல் அடுத்த படிக்கு நகர முடியாது.

எல்லோரையும் ஓடவைத்த மோனாட் இங்கேதான் சத்தமில்லாமல் வருகிறது. தாலுகா ஆபீஸில் ஒரு மனு மேசை மேசையாகப் போவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் மேசையில் தேதி பார்க்கிறார்கள், அடுத்ததில் தொகை, அதற்கடுத்ததில் இருப்பு. ஏதாவது ஒரு மேசையில் திருப்பிவிட்டால், மீதி மேசைகளுக்கு அது போகாது. காரணத்தோடு நேராக வெளியே வந்துவிடும். ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு எப்படிக் கைமாற்றுவது என்ற இந்த ஒழுங்குக்குத்தான் மோனாட் என்று பெயர். நான்கு கட்டங்களை இப்படி வரிசையாகப் படிக்கும் ஃபங்ஷனை எழுதி முடித்தாலே அதைப் பயன்படுத்திவிட்டீர்கள். அதன் கணித வரையறையை அப்புறம் சாவகாசமாகப் படித்துக்கொள்ளலாம்.

நான்காவது வாரம்: லூப் இல்லாமல் கணக்கு

ஹாஸ்கெல்லில் ‘ஃபார் லூப்’ கிடையாது என்றதும் பலர் திகைப்பார்கள். பதிலுக்கு மூன்று கருவிகள் இருக்கின்றன. ‘ஃபில்டர்’ வேண்டியதை மட்டும் சலித்தெடுக்கும்: பற்று வரிகளை மட்டும் கொடு. ‘மேப்’ ஒவ்வொன்றையும் மாற்றும்: ஒவ்வொரு வரியிலும் தொகையை மட்டும் எடு. ‘ஃபோல்டு’ எல்லாவற்றையும் ஒன்றாக மடிக்கும்: கூட்டித் தா. நம் ஐந்து வரியில் மொத்தச் செலவு ரூ.21,370.

ஃபோல்டுக்கு ஒரு தம்பி உண்டு. பெயர் ‘ஸ்கேன்’. ஃபோல்டு கடைசி விடையை மட்டும் சொல்லும். ஸ்கேன் ஒவ்வொரு படியின் விடையையும் சொல்லும். தொடக்க இருப்பு 3,200-ல் ஆரம்பித்து 48,200, 37,200, 34,850, 34,830, 26,830 என்று பட்டியல் வரும். இதை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? பாஸ்புக்கின் இருப்புக் கட்டம்தான்! இருப்பு ‘மாறிக்கொண்டே இருக்கும்’ ஒன்று என்று நினைத்திருப்போம். உண்மையில் எதுவும் மாறவில்லை. பரிவர்த்தனைகளின் பட்டியல் ஒன்று, அதிலிருந்து பிறக்கும் இருப்புகளின் பட்டியல் இன்னொன்று. இது புரிந்த நாளில் ஃபங்ஷனல் புரோகிராமிங்கின் பாதி புரிந்துவிட்டது என்றே சொல்லலாம்.

இப்போது உங்கள் பட்டியலையும் வங்கியின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலில் வேறுபடும் வரியைக் கேளுங்கள். ஒன்றும் வேறுபடவில்லை என்றால் உங்கள் புரோகிராம் ஒரு வரியையும் விடவில்லை, ஒரு தொகையையும் தப்பாகப் படிக்கவில்லை என்று நம்பலாம். முதல் வரியிலேயே உதைத்தால் பதற வேண்டாம். சில வங்கிகள் புதிய பரிவர்த்தனையை மேலே போடும். பட்டியலைத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும்.

ஐந்தாவது வாரம்: வகை பிரிப்பது

விவரக் கட்டத்தில் ‘மளிகை’ என்று எந்த வங்கியும் எழுதித் தராது. யுபிஐ எண், ஒரு பெயர், ஏதோ குறியீடு என்று நீளமாக இருக்கும். அதிலும் டீக்கடை க்யூஆர் கோடில் கடையின் பெயருக்குப் பதில் அண்ணாச்சியின் சொந்தப் பெயர் வரும். ‘யார் இவர், நாம ஏன் இவருக்குத் தினமும் 20 ரூபாய் அனுப்புறோம்?’ என்று முழிப்போம். இந்த ரகசியம் உங்களுக்குத்தான் தெரியும், எந்த ஆப்புக்கும் தெரியாது.

அதனால் சின்ன விதிகளாக எழுதுங்கள்: விவரத்தில் இந்தப் பெயர் இருந்தால் வெளிச்சாப்பாடு, இந்தச் சொல் இருந்தால் பயணம். ஒவ்வொரு விதியும் ஒரு ஃபங்ஷன். விதிகள் எல்லாம் சேர்ந்து ஒரு பட்டியல். மேலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டு, முதலில் ‘ஆம்’ சொல்லும் விதியை எடுத்துக்கொள்ள வேண்டும். எண்களைப் பட்டியலில் போடுவதுபோல ஃபங்ஷன்களையும் போடலாம், இன்னொரு ஃபங்ஷனிடம் கொடுக்கலாம் என்பது இந்த மொழிகளின் உயிர்நாடி. புத்தகத்தில் ‘ஹையர் ஆர்டர் ஃபங்ஷன்’ என்று பயமுறுத்தும் அத்தியாயம் இதுவே.

மூன்று பள்ளங்களைத் தாண்ட வேண்டும். உங்கள் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் போட்ட பணம் செலவாகாது. கிரெடிட் கார்டு பில் கட்டியதையும், கார்டில் வாங்கிய பொருட்களையும் சேர்த்துக் கூட்டினால் ஒரே செலவு இரண்டு முறை வரும். ஆர்டர் ரத்தாகித் திரும்பி வந்த பணம் வருமானம் ஆகாது. இவற்றுக்கும் தனி வகை வையுங்கள்.

ஆறாவது வாரம்: ஓரத்தில் ஒரு கதவு

இதுவரை எழுதிய எதுவும் ஃபைலைத் திறக்கவில்லை, திரையில் எதையும் அச்சிடவில்லை. எல்லாமே தூய ஃபங்ஷன்கள். வெளியுலகத்தோடு பேசும் வேலையை ஹாஸ்கெல் தனியாக ‘ஐஓ’ என்ற டைப்பில் அடையாளம் வைத்துப் பிரிக்கிறது. வீட்டுக்கு ஒரு வாசல் மாதிரி. ஃபைலைப் படி, உள்ளே கொடு, விடையை வாங்கி அச்சிடு. பத்துப் பதினைந்து வரிகளில் முடிந்துவிடும். ஏதாவது தப்பானால் தேட வேண்டிய இடம் வாசலா, உள் அறையா என்பது உடனே தெரியும்.

கடைசியாக ஒரு சோதனை. ‘க்விக்செக்’ என்ற நூலகம் 2000-ம் ஆண்டு வாக்கில் கோயன் கிளாசென், ஜான் ஹியூஸ் இருவரும் உருவாக்கியது. ‘வகைவாரியான தொகைகளைக் கூட்டினால் மொத்தச் செலவு வர வேண்டும்’ என்று ஒரே ஒரு விதியை அதனிடம் சொன்னால், தானாகவே தாறுமாறான 100 பட்டியல்களை உருவாக்கிச் சரிபார்க்கும். காலிப் பட்டியல், ஒரே வரி, எல்லாமே வரவு என்று நமக்குத் தோன்றாத கோணங்களில் எல்லாம் இடித்துப் பார்க்கும். விதி உடைந்தால், உடைத்த உதாரணத்தை முடிந்தவரை சுருக்கிக் காட்டும்.

எங்கே தடுமாறுவீர்கள்?

இது அவ்வளவு சுலபம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஹாஸ்கெல்லின் பிழைச் செய்திகள் நீளமானவை. முதல் சில நாட்கள் திட்டுவது போலவே இருக்கும். முதல் பிழையை மட்டும் படியுங்கள். அதில் ‘எதிர்பார்த்தது இது, கிடைத்தது அது’ என்று இரண்டு டைப்புகள் இருக்கும். அந்த இரண்டையும் ஒப்பிட்டாலே பெரும்பாலும் விஷயம் பிடிபடும்.

எழுத்துச் சரங்களுக்கு ‘ஸ்ட்ரிங்’, ‘டெக்ஸ்ட்’ என்று இரண்டு டைப்புகள் இருப்பது புதியவர்களைக் குழப்பும். ஆரம்பத்திலேயே டெக்ஸ்ட் என்று முடிவு செய்துவிடுங்கள். ஓர் இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லையா? அங்கே ஓர் அடிக்கோடு மட்டும் போட்டுவிடுங்கள். ‘இந்த ஓட்டையில் இந்த டைப் பொருந்தும்’ என்று கம்பைலரே சொல்லும்.

ஏஐ-யிடம் கேட்டால் மொத்தத்தையும் அதுவே எழுதித் தராதா? தரும். புரோகிராம் மட்டும் வேண்டுமென்றால் அது போதும், கற்க வேண்டுமென்றால் போதாது. பிழைச் செய்தியைக் கொடுத்து ‘இதற்கு என்ன அர்த்தம்?’ என்று கேளுங்கள். விடையை எழுதித் தரச் சொல்லாதீர்கள். யார் எழுதிய கோடாக இருந்தாலும் சரி, வங்கியின் இருப்போடு ஒத்துப்போகிறதா என்ற அதே பரீட்சையில் பாஸாக வேண்டும். எது சரியான விடை என்று முடிவு செய்யத் தெரிந்திருப்பதுதான் இனி வரும் காலத்தில் நம் கையில் இருக்க வேண்டிய திறமை.

ஓர் எச்சரிக்கை: உண்மையான அறிக்கையை ஏஐ தளங்களில் ஒட்டாதீர்கள். கிட்ஹப்பில் கோடைப் போடும்போது அந்த ஃபைல் கூடவே போய்விடாதபடி முதல் நாளே விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். கணக்கு எண், சம்பளம், யாருக்கெல்லாம் பணம் அனுப்புகிறீர்கள் என்பது வரை அதில் இருக்கிறது. மற்றவர்களுக்குக் காட்ட, மேலே பார்த்தது போல ஐந்து வரி கற்பனைக் கணக்கு போதும்.

இதனால் வேலை கிடைக்குமா?

ஹாஸ்கெல் வேலைகள் ஜாவா, பைத்தான் அளவுக்குக் கொட்டிக் கிடக்கவில்லை. ஆனால் இல்லாமலும் இல்லை. பணப் பரிமாற்றத் துறையில் இயங்கும் பெங்களூருவின் ஜஸ்பே நிறுவனம் ஹாஸ்கெல் பயன்படுத்துகிறது. ஃபேஸ்புக் தன் ஸ்பேம் தடுப்பு அமைப்பில் பயன்படுத்தியது. இன்னொரு ஃபங்ஷனல் மொழியான எர்லாங்கில் கட்டப்பட்டதுதான் வாட்ஸ்அப். 2014-ல் ஃபேஸ்புக் அதை வாங்கியபோது சுமார் 45 கோடிப் பயனர்களுக்கான சேவையை முப்பத்துச் சொச்சம் பொறியாளர்களே நடத்திக்கொண்டிருந்தார்கள்.

அதைவிடப் பெரிய பலன் உங்கள் இப்போதைய வேலையிலேயே கிடைக்கும். ஜாவா 2014-ல் லாம்டாவைச் சேர்த்துக்கொண்டது. ஜாவாஸ்கிரிப்ட்டில் மேப், ஃபில்டர், ரெட்யூஸ் இல்லாமல் நாள் நகராது. ரியாக்ட் எழுதுபவர்களுக்கு ‘ஸ்டேட்டை நேரடியாக மாற்றாதே’ என்பது பால பாடம். ரஸ்ட் மொழியின் முதல் கம்பைலர் ஓகேமல் என்ற ஃபங்ஷனல் மொழியில்தான் எழுதப்பட்டது. அலுவலகத்தில் ‘ஏன்’ என்று தெரியாமல் பின்பற்றிய பல விதிகளுக்குக் காரணம், ஒரு மாதக் கணக்கை இப்படி எழுதிப் பார்த்தால் விளங்கிவிடும்.

ஹாஸ்கெல்தான் வேண்டும் என்றும் கட்டாயம் இல்லை. டாட்நெட் பின்னணி உள்ளவர்களுக்கு எஃப் ஷார்ப், ஜாவா உலகத்தில் இருப்பவர்களுக்கு குளோஷர், வெப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு எலிக்சிர் பொருந்தும். ஹாஸ்கெல்லின் தனித்தன்மை, அது குறுக்கு வழி விடாது என்பதே. மற்றவற்றில் அவசரத்துக்குப் பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிடலாம்.

ஆறு வாரம் கழித்துக் கையில் என்ன இருக்கும்? சில நூறு வரிகளில் ஒரு புரோகிராம். ஒவ்வொரு மாதமும் அறிக்கையைக் கொடுத்தால் வகைவாரியாகச் செலவைச் சொல்லும். எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்காது, விளம்பரம் காட்டாது, உங்கள் கணக்கு உங்கள் லேப்டாப்பை விட்டு வெளியே போகாது. தினமும் மூன்று டீ குடிப்பவருக்கு மாதம் ரூ.1,800 ஆகிறது என்ற உண்மையையும் அது தயங்காமல் சொல்லிவிடும். டீயைக் குறைப்பதா வேண்டாமா என்பதை மட்டும் எந்த மொழியும் முடிவு செய்யாது!